மைனஸ் 22இல் கூடிய வைத்தியர் சபை

நேற்றுக் காலை கனடாவில், ரொறொன்ரோவின் ஸ்காபரோவில் மைனஸ் 22 பாகை. திறப்பைத் திருப்பினேன். கார் மரங்கொத்தி போல "டக்டக்டக்டக்" என்று அடித்துவிட்டு அடங்கியது. அதன் பிறகு நடந்த கூத்துக்கு நானோ காரோ பொறுப்பல்ல. எல்லாம் வாட்ஸப் செய்த வேலை.

குடும்பக் குழுவில் செய்தியைப் போட்டது அம்மா. அவர் எதிர்பார்த்தது கொஞ்சம் அனுதாபம். வந்து குவிந்ததோ வைத்தியம். லண்டன் சித்தி எண்ணெயை மாற்றச் சொன்னார். மார்க்கம் அத்தான், எஞ்சினைச் சுழற்றிக் கிளப்புகிற ஸ்டார்ட்டர் மோட்டார் போய்விட்டது என்று தீர்ப்பே எழுதிவிட்டார். அத்தானுக்கு எது நின்றாலும் ஸ்டார்ட்டர்தான். போன கோடையில் எங்கள் புல்வெட்டி நின்றபோதும் அதையேதான் சொன்னார். அது கயிற்றை இழுத்துக் கிளப்புகிற புல்வெட்டி. அம்மா தன் பங்குக்கு, புதுக் காரை எதிர்வீட்டார் பார்த்த பார்வை சரியில்லை என்றார். புதுக் கார் என்று அவர் சொல்வது 2017ஆம் ஆண்டுக் காரை.

இத்தனை பேரையும் அடக்கிக்கொண்டு யாழ்ப்பாணத்திலிருந்து மாமா வீடியோவில் வந்தார். எங்களுக்குக் காலை ஏழு என்றால் அவருக்கு மாலை ஐந்தரை. மேற்சட்டை இல்லாமல், விறாந்தையில், பிளேன்ரீயோடு இருந்தார். நான் வீட்டிலிருந்த கம்பளி அத்தனையையும் போர்த்துக்கொண்டு நின்றேன்.

"பிள்ளை, போனைப் பொனற்றுக்குப் பக்கத்தில் பிடி. இன்னொருவரைத் திருப்பச் சொல்."

அம்மா திருப்பினார். மாமா கண்ணை மூடிக் கேட்டார்.

"ஒரே ஒரு 'டக்' என்றால் ஸ்டார்ட்டரையோ அதற்குப் போகிற வயரையோ சந்தேகிக்கலாம். வெறுமனே 'விர்ர்' என்று சுழன்றால் ஸ்டார்ட்டர் எஞ்சினின் பல்லைப் பிடிக்கவில்லை. 'கரகர' என்றால் பல் தேய்ந்துவிட்டது. இப்படி விடாமல் அடித்தால் பற்றரிதான். உள்ளே சொலனொயிட் என்கிற மின்காந்தச் சுவிட்ச் இழுக்கிறது, மோட்டார் மின்சாரம் கேட்டதும் பற்றரி படுத்துவிடுகிறது, சொலனொயிட் கையை விடுகிறது, மறுபடி இழுக்கிறது. பாவம், அதைப் போட்டு வதைக்காதே."

மாமா வாழ்நாளில் ஐஸ் கண்டது குளிர்பானக் கடையில் மட்டும். ஆனால் 90களின் பொருளாதாரத் தடைக் காலத்தில், மண்ணெண்ணெயில் ஓடிய மொறிஸ் மைனர் காரைச் சில துளி பெற்றோல் விட்டுக் கிளப்பிய மனிதர். பற்றரி இறந்தால் முன்னால் கைப்பிடியைச் செருகிச் சுற்றுவார். அப்போது கார் இருமினால் ஊரே காது கொடுக்கும். எங்கள் வீட்டு வானொலி சைக்கிள் டைனமோவில் பாடியது. பெடல் மிதித்தவருக்குத்தான் செய்தி முழுதாகக் கேட்கவில்லை.

இதற்குள் பக்கத்து வீட்டுக் கிழவர் மீட்டரோடு வந்துவிட்டார். வினிபெக்கில் வளர்ந்தவர். ரொறொன்ரோக் குளிரைக் குளிர் என்று யாராவது சொன்னால் அவருக்குக் கோபம் வரும். அங்கே கார்களின் மூக்கில் பிளக் தொங்கும். இரவில் எஞ்சின் சூடேற்றியை மின்சாரத்தில் செருகிவிட்டுத்தான் படுப்பார்களாம். முதலில் பற்றரியின் வயிறு வீங்கியிருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். நன்றாகச் சார்ஜ் இறங்கிய பற்றரி மைனஸ் 10 அளவிலேயே உறைந்துவிடும். உறைந்ததற்கு மின்சாரம் ஏற்றினால் வெடிக்கலாம். நல்ல வேளை, வீக்கம் இல்லை. மீட்டர் 12.1 வோல்ற் காட்டியது. நிறைந்திருந்தால் 12.6 காட்ட வேண்டும்.

"மைனஸ் 18இல் பற்றரிக்குப் பாதிப் பலம்தான், எண்ணெய் தடித்துப்போன எஞ்சினோ இரண்டு மடங்கு கேட்கும்" என்று கிழவர் சொன்னதை நான் மொழிபெயர்க்க, மாமா தலையாட்டினார். பற்றரியை உண்மையில் கெடுப்பது கோடை வெயில்தான், குளிர் காட்டிக்கொடுப்பதோடு சரி என்றார் கிழவர். மாமாவுக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. எங்கள் வெயிலைக் கேட்டுப்பார் என்றார்.

அத்தான் கேபிளோடு வந்து சேர்ந்தார். சிவப்பு இரண்டையும் கூட்டல் முனைகளில் மாட்டி, கறுப்பில் ஒன்றைத் தன் பற்றரியில் மாட்டினார். மற்றக் கறுப்பை எங்கள் பற்றரிக்குக் கொண்டுபோனபோது கனடாவிலும் யாழ்ப்பாணத்திலும் ஒரே நேரத்தில் கூச்சல். கடைசி முனையைப் பற்றரிக்குத் தள்ளி எஞ்சினின் வெற்று இரும்பில்தான் கவ்வ வேண்டும். பற்றரியிலிருந்து கசியும் ஹைட்ரஜனுக்கு ஒரு பொறி போதும். அத்தான் முகத்தைத் தூக்கிக்கொண்டு இரும்பைத் தேடினார்.

கார் கிளம்பியது. வேலைக்குப் போகாமல் நேரே கடைக்குப் போய்ப் புதுப் பற்றரி போட்டுக்கொண்டேன். "இருந்தாலும் ஸ்டார்ட்டரையும் ஒருமுறை காட்டுவது நல்லது" என்று அத்தான் குழுவில் எழுதினார்.

மாமாவின் கவலை வேறு. பழைய பற்றரி எங்கே என்றார். கடையிலேயே கொடுத்துவிட்டேன், புதுப் பற்றரிக்குக் கட்டிய வைப்புப் பணம் திரும்ப வந்தது என்றேன்.

"விசர்ப் பிள்ளை! ஒரு வீட்டுக்கே விளக்கெரிக்கலாம். 93இல் அப்படி ஒன்றுக்காக உன் அப்பா என் ரலி சைக்கிளைக் கொண்டுபோய்க் கொடுத்தவர்."

அந்தச் சைக்கிளுக்கு இன்னும் காசு வரவில்லை என்பதையும் குழுவில் எழுதிவிட்டார். அப்பா அதைப் படித்துவிட்டுத் தூக்கம் வருகிறது என்று பதில் போட்டார். அப்போது இங்கே பகல் பதினொரு மணி.