இரண்டாவது முறை கேட்டது

"புகைபிடிக்கும் பழக்கம் உண்டா?" என்று கேட்டேன். "இல்லை" என்றார். அதோடு விட்டிருக்கலாம். "எப்போதாவது ஒன்றிரண்டு?" என்று மறுபடி கேட்டேன். அந்த இரண்டாவது கேள்விதான் இன்னமும் உறுத்துகிறது.

2021 ஜனவரிக் கடைசி. மருந்துக்கடையிலிருந்து என்னைக் கொரோனா தடுப்பூசி முகாமுக்கு அனுப்பியிருந்தார்கள். அன்று மதியம் பதிவு மேசை. அந்தப் பெண் தன் அம்மாவை அழைத்து வந்திருந்தார். அம்மாவுக்கு எழுபது வயது, சிக்கல் இல்லை. மகள் ஒன்றாம் வகுப்பு ஆசிரியை. "வந்ததுதான் வந்தேன், எனக்கும் போட முடியுமா?" என்றார்.

முடியாது. நியூ ஜெர்சியில் அப்போது மருத்துவ ஊழியர்கள், போலீஸ், தீயணைப்புக்காரர்களை விட்டால், 65 வயதைத் தொட்டவர்களுக்கும், ஆபத்தை அதிகப்படுத்தும் உடல்நிலை உள்ளவர்களுக்கும்தான். அந்தப் பட்டியலில் சர்க்கரை, இதயம், சிறுநீரகம், அப்புறம் சிகரெட். ஜனவரி 14 முதல் சிகரெட் பிடிக்கும் இருபது வயதுப் பையன் வரலாம், ஆசிரியை வர முடியாது. கோத்தல்ஸ் பாலத்தைத் தாண்டினால் ஸ்டேட்டன் தீவு, நியூயார்க் மாநிலம். அங்கே ஜனவரி 11-லேயே ஆசிரியர்களுக்குத் திறந்துவிட்டார்கள். சிகரெட் அவர்கள் பட்டியலிலேயே இல்லை. என் மனைவியின் தங்கை அந்தப் பக்கம்தான் பாடம் நடத்துகிறாள், முதல் ஊசி போட்டு முடித்திருந்தாள். அதே வேலை, அதே வயதுப் பிள்ளைகள், நடுவில் ஒரு பாலம்.

சிகரெட்டைச் சேர்த்ததில் மருத்துவக் காரணம் இல்லாமல் இல்லை. நுரையீரல் கெட்டவருக்குக் கொரோனா வந்தால் என்ன ஆகும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் எங்கள் முகாமில் அதற்குச் சான்று கேட்டதில்லை. அன்று காலையில்கூட இரண்டு பையன்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டே "ஆமாம், பிடிப்போம்" என்றார்கள். கட்டத்தில் டிக் போட்டு உள்ளே அனுப்பினேன்.

அதனால்தான் அவரிடம் இரண்டாவது முறை கேட்டேன். வழியைக் காட்டினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"நான் ஆமாம் என்று சொல்லவேண்டுமா?"

"நான் கேள்வியை மட்டும்தான் கேட்கிறேன்."

"அப்படியானால் இல்லை" என்று சொல்லிவிட்டு, ஊசி போட்டபின் பதினைந்து நிமிடம் அம்மாவை உட்காரவைக்கும் நாற்காலி வரிசைக்குப் போய்விட்டார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நான் மறந்திருப்பேன்.

கேட்டது தப்பா? விதி கோணலாக இருந்தது, நான் ஒரு கதவைத் திறந்துவைத்தேன், அவ்வளவுதான் என்று பல நாள் சொல்லிக்கொண்டேன். ஆனால் திறந்துவைத்தவன் பெயர் எதிலும் இருக்காது. பொய் சொன்னவராக அவர்தான் கையெழுத்துப் போட்டிருக்கவேண்டும். ரேஷன் கடையில் "கார்டு இருந்தால் தருகிறேன்" என்று கண்ணடிப்பவனுக்கும் எனக்கும் என்ன பெரிய வித்தியாசம்?

சரி, இதையே யோசித்துக்கொண்டிருப்பது எனக்கு வசதியாகவும் இருக்கிறது. ஏனென்றால் அன்று மாலை நடந்தது வேறு.

அப்போது மாடர்னா தடுப்பூசிக் குப்பியில் பத்து டோஸ். முதல் ஊசி குத்தியதும் நேரத்தைக் குப்பியின் மேல் மார்க்கரால் எழுதிவைப்போம். அன்றைய விதிப்படி ஆறு மணி நேரத்துக்குள் தீர்க்கவேண்டும், இல்லையென்றால் குப்பைதான். மூடும் நேரத்தில் 1:40 என்று எழுதிய குப்பியில் ஒரு டோஸ் மிச்சம். இதற்கென்றே காத்திருப்போர் தாள் ஒன்று என் மேசையில்தான் இருந்தது. அந்த ஆசிரியையின் பெயரை அதில் நான் எழுதவில்லை. பொய்க்கு வழி காட்டியவனுக்கு, பொய் இல்லாத வழி கைக்கடியில் இருந்தும் தோன்றவில்லை. கூட்டம், மறந்துவிட்டது என்கிறேன். சில நாள், அவர் பார்த்த பார்வைக்குப் பிறகு அவரைத் திரும்பக் கூப்பிட எனக்கு மனம் வரவில்லை என்றும் தோன்றுகிறது. எது உண்மை என்று எனக்கே பிடிபடவில்லை.

தாளில் இருந்த நான்கு பேரில் யாராலும் நேரத்துக்குள் வர முடியவில்லை. கடைசியில் வாகன நிறுத்துமிடத்தில் காலையிலிருந்து குளிரில் நின்று கார்களுக்கு வழிகாட்டிய பையனைக் கூப்பிட்டுப் போட்டோம். வீணாகவில்லை, நல்லதுதான். அவனிடம் சிகரெட் கேள்வியை யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

அதன்பின் எல்லாம் வேகமாக மாறியது. அலாஸ்கா மார்ச் 9-லேயே 16 வயதைத் தொட்ட எல்லோருக்கும் திறந்தது, மிசிசிப்பி 16-ஆம் தேதி. மார்ச் 10 முதல் டெக்ஸாஸில் முகக்கவசக் கட்டாயமும் போனது. எங்களுக்கு ஆசிரியர்கள் மார்ச் 15, எல்லோரும் ஏப்ரல் 19. மே மாதம் ஒஹாயோ ஊசி போட்டவர்களுக்குக் குலுக்கலில் பத்து லட்சம் டாலர் என்றது. எங்கள் மாநிலம் முதல் ஊசி போட்டுக்கொண்டு வந்தால் ஒரு பீர் இலவசம் என்றது. கோடையில் ஆள் வராமல் குப்பிகளைக் கொட்டினோம். மார்க்கரில் எழுதிய நேரத்தைப் பார்த்தபடி கொட்டும்போதெல்லாம் ஜனவரி நினைவுக்கு வரும்.

பிப்ரவரிக் கடைசியில் அந்த அம்மா இரண்டாவது ஊசிக்கு வந்தார். அன்று நான் ஊசி மேசையில் இருந்தேன். மகள் வரவில்லை, பக்கத்து வீட்டுக்காரர் கூட்டி வந்திருந்தார். மகள் எப்படி இருக்கிறார் என்று கேட்க வாய்வரை வந்தது.

"எந்தக் கையில் போடட்டும்?" என்று கேட்டேன்.