புகாரை யாரிடம் சொல்வது?

எங்கள் செயலியில் வேலை செய்கிறவர்கள் ஒருவரிடம் ஒருவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்ற நடத்தை விதிகளை எழுதும் வேலை என் தலையில் விழுந்ததற்குக் காரணம் ஒரு கோடு.

இன்காய்ஸ் என்ற மத்திய அரசின் கடல் தகவல் மையம் வெளியிடும் அலை, காற்று முன்னறிவிப்பை எடுத்து, கச்சான், வாடை, கொண்டல் என்று கடற்கரைக்காரர்களுக்குப் பழகிய பெயரில் காட்டுகிற சின்ன ஓப்பன் சோர்ஸ் செயலி அது, அதாவது நிரல் எல்லாருக்கும் திறந்திருக்கும், யாரும் கைகொடுக்கலாம். நான் தங்கச்சிமடத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொள்கிறேன். நிரல் எழுதுகிறவர்கள் சென்னை, ராமநாதபுரம், யாழ்ப்பாணம், டொராண்டோ என்று ஆளுக்கொரு பக்கம். வரைபடத்தில் கடல் எல்லைக் கோட்டையும் காட்டலாமே என்று ஒருவர் இஷ்யூ திறந்தார், அதாவது திட்டத்தின் பொதுப் பக்கத்தில் கோரிக்கை போட்டார். நல்ல யோசனைதான். பாக் நீரிணையில் 1974இல் இந்தியாவும் இலங்கையும் ஒப்புக்கொண்ட கோடு படகில் போகிறவர் கண்ணுக்கா தெரியப்போகிறது? ஆனால் கொஞ்ச நேரத்தில் பேச்சு கச்சத்தீவுக்குப் போனது. அங்கிருந்து கடலடியை வாரி இழுக்கும் இழுவைமடி, அறுந்த வலை, பிடிபட்ட படகு, யார் மீனை யார் அள்ளுகிறார்கள். ஒருவர் ஒருமைக்கு இறங்கினார். இன்னொருவர் ‘உங்க ஆளுங்க’ என்று ஆரம்பித்து எழுதியதை இங்கே போட முடியாது.

இணையம் இல்லாத நேரத்திலும் செயலி வேலை செய்கிற பகுதி முழுக்க யாழ்ப்பாணத் தம்பி எழுதியது. அவன் எனக்குத் தனியாக அனுப்பிய செய்தி இது: “அண்ணா, கோட்டைப் பற்றிக் கதைக்கிறதெண்டா கதைப்பம். எங்கட ஆக்களைத் திட்டுறதெண்டா நான் வரேல்ல.” இதை என்னிடம் சொல்லலாம் என்று அவனுக்குத் தோன்றியது எங்கள் பழக்கத்தால்தான். என்னைத் தெரியாத ஒரு கல்லூரி மாணவி அவன் இடத்தில் இருந்திருந்தால் சத்தமில்லாமல் போயிருப்பாள்.

சரி, மற்றவர்கள் எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று பார்க்கப் போனேன். பெரும்பாலோர் எடுத்தாள்வது கோரலைன் அடா எம்கே 2014இல் தொடங்கிய கான்ட்ரிபியூட்டர் கவனன்ட் என்ற மாதிரி நடத்தை விதி. அதன் 2021ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் பாகுபாட்டுப் பட்டியலில் சாதி சேர்ந்தது. ஒரு சொல்தான், ஆனால் நம் ஊரில் அது இல்லாத பட்டியலை வைத்துக்கொண்டு என்ன செய்ய? அந்தக் கோப்பில் புகார் சொல்லும் இடத்தில், சதுர அடைப்புக்குள், தொடர்பு கொள்ளும் வழியை இங்கே இடவும் என்று ஒரு காலியிடம் விட்டிருப்பார்கள். இப்படிப்பட்ட திட்டங்களின் நிரல் கிடக்கும் கிட்ஹப் தளத்தில் தேடிப் பாருங்கள், அந்தக் காலியிடத்தை அப்படியே விட்டுவிட்டுக் கோப்பைச் சேர்த்த திட்டங்கள் கிடைக்கும். மரியாதை, கருணை, பொறுமை எல்லாம் மேலே வரிசையாக இருக்கும். அடி வாங்கியவன் யாரிடம் போவது என்ற இடம் மட்டும் காலி.

எஸ்கியூலைட் என்ற தரவுத்தள மென்பொருளின் கதை இன்னும் வேடிக்கை. நடத்தை விதி வேண்டும் என்று வாடிக்கையாளர்கள் கேட்க, 6ஆம் நூற்றாண்டுத் துறவி புனித பெனடிக்டின் மடத்து விதிகளையே போட்டுவிட்டார்கள். 2018இல் இது பெரிய பேச்சானது. எங்கள் தங்கச்சிமடம் பங்குச் சாமியாரிடம் காட்டினால் சந்தோஷப்படுவார். குறை சொல்ல முடியாத அறவுரைகள்தான், ஆனால் யாரும் இதைப் பின்பற்றக் கட்டாயமில்லை என்று அவர்களே எழுதியிருந்தார்கள். அப்புறம் அதற்கு அறநெறி என்று பெயர் மாற்றிவிட்டு, நடத்தை விதியாக ஃபயர்பாக்ஸ் உலாவியைச் செய்யும் மொஸில்லாவினுடையதை எடுத்துக்கொண்டார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலும் பழைய கோப்பைத் தூக்கிவிட்டு கான்ட்ரிபியூட்டர் கவனன்ட் வழிக்கு வந்தது. அதைத் தொடங்கி நடத்துகிற லினஸ் டோர்வால்ட்ஸ் தன் பேச்சுக்கு மன்னிப்புக் கேட்டுக் கொஞ்ச நாள் ஒதுங்கியிருந்தார். இனி நல்ல நிரலாளர்கள் எல்லாம் ஓடிவிடுவார்கள் என்று அன்றைக்குப் புலம்பினவர்கள் உண்டு. கெர்னல் ஒன்றும் நின்றுவிடவில்லை.

உண்மையில் இதற்கெல்லாம் அவ்வளவு தூரம் போயிருக்க வேண்டாம். எங்கள் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. மற்ற மாதங்களில் ராமேஸ்வரம் விசைப்படகுகள் கடலுக்குப் போகும் நாள் திங்கள், புதன், சனி. மிச்ச நாள் நாட்டுப்படகுகளுக்கு. இரண்டு படகு சேர்ந்து இழுக்கும் தடைசெய்த வலையான இரட்டைமடியைப் போட்டு மாட்டினால், கடலுக்குப் போவதற்கான டோக்கன் கிடையாது, மானிய டீசல் நிற்கும். யாரும் மீறுவதில்லை என்று நான் சொன்னால் பாம்பனில் சிரிப்பார்கள். இரட்டைமடியை எதிர்த்து நாட்டுப்படகுக்காரர்கள் மறியல் செய்வது இங்கே பழகிப்போன செய்தி. ஆனால் எங்கே போய்ச் சொல்வது, சொன்னால் எது நிற்கும் என்பது கரையில் சின்னப் பையனுக்கும் தெரியும். ஊர்க்கூட்டத்துக்கு இன்னொரு முறை இருந்ததாக அப்பா சொல்வார்: தலைவரின் மச்சான் படகு மேல் புகார் வந்தால் அன்றைக்குத் தலைவர் எழுந்து வெளியே போய்விட வேண்டும். எப்போதும் போனாரா என்று கேட்டால் அப்பா பேச்சை மாற்றிவிடுவார்.

அதனால் எங்கள் கோப்பைக் கீழிருந்து மேலாக எழுதினேன். முதலில் புகார் பெறுபவர்கள்: நானும், யாழ்ப்பாணத்திலிருந்து மொழிபெயர்ப்பைக் கவனிக்கும் அக்காவும். இருவருக்கும் தனித்தனி மின்னஞ்சல். என்னைப் பற்றிய புகார் அக்காவுக்கு மட்டும் போகும், நான் அதைப் பார்க்க முடியாது. மூன்று நாளுக்குள் கிடைத்தது என்றாவது பதில் போட வேண்டும். சொன்னவர் பெயர் வெளியே வராது. அடுத்து, என்ன நடக்கும் என்பது. மொஸில்லாவைப் பார்த்து கான்ட்ரிபியூட்டர் கவனன்ட் வைத்த நாலு படியை அப்படியே எடுத்துக்கொண்டேன்: தனியாகத் திருத்துவது, எச்சரிக்கை, கொஞ்ச காலம் விலக்கு, நிரந்தர விலக்கு. எது கூடாது என்பது கடைசியில்தான் வந்தது, அதுவும் உதாரணங்களோடு. ஒருவர் எழுதிய நிரலை இன்னொருவர் சரிபார்க்கிற ரிவ்யூவில் ‘நேரத்தை யூடிசியிலிருந்து (உலகப் பொது நேரம்) மாற்றவில்லை, ஐந்தரை மணி நேரம் தள்ளிக் காட்டும்’ என்று எழுதலாம். ‘இதுகூடத் தெரியாமலா வந்தீங்க’ என்று எழுதக் கூடாது. அறிமுகம் இல்லாதவரை ஒருமையில் அழைக்கக் கூடாது. சாதி, மதம், ஊர், நாடு, தொழில் எதையும் வைத்துக் கிண்டல் கூடாது. எல்லைக் கோட்டின் தரவு சரியா என்று இங்கே பேசலாம். கடல் யாருடையது என்று இங்கே பேச வேண்டாம்.

ஏழெட்டு பேர் இருக்கிற இடத்துக்கு இவ்வளவு எதற்கு என்று சென்னை நண்பர் கேட்டார். ஏழெட்டு பேர் என்பதுதான் சிக்கலே. எல்லாரும் எல்லாருக்கும் வேண்டப்பட்டவர்கள். ஒருவரைப் பற்றிப் புகார் சொன்னால் அவருடைய கூட்டாளியிடம்தான் சொல்ல வேண்டியிருக்கும். பெரிய திட்டத்தில் அதற்கென்று ஒரு குழு இருக்கும், முகம் தெரியாதவர்கள் விசாரிப்பார்கள். இங்கே எழுதி வைத்த கோப்புதான் அந்தக் குழு.

‘உங்க ஆளுங்க’ என்று எழுதியவருக்கு நானும் அக்காவும் சேர்ந்து எச்சரிக்கை அனுப்பினோம். வருத்தம் தெரிவித்து ஒரு வரி போட்டார். எல்லைக் கோடு செயலியில் வந்துவிட்டது, அமைப்புகளில் போய் இயக்கினால் தெரியும். அந்தப் புல் ரிக்வெஸ்ட்டை, அதாவது சேர்க்கச் சொல்லி வந்த நிரலை, பார்த்துச் சேர்த்தது யாழ்ப்பாணத் தம்பிதான்.

இன்னும் முடிவாகாதது எங்கள் டெலிகிராம் குழு. அங்கேயும் இந்த விதிகள் செல்லும் என்பது என் கட்சி. அக்கா ஒப்புக்கொள்ளவில்லை. அங்கே பாதிப் பேர் கடலுக்குப் போகிறவர்கள், அவர்கள் ஒருவரையொருவர் கூப்பிடுகிற விதத்துக்கெல்லாம் எச்சரிக்கை அனுப்பத் தொடங்கினால் “கடைசியில நீங்களும் நானும்தான் மிஞ்சுவம்” என்கிறார்.