ரத்தம் கேட்டுப் பார், தெரியும்

"மனுஷன் சுயநலக்காரன். ரத்தம் கேட்டுப் பார், தெரியும்." எங்கள் ரத்த வங்கியில் என்னோடு வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர் அடிக்கடி சொல்வது இது. சென்னையில் ஒரு ஆஸ்பத்திரியில் டெக்னீஷியனாக இருக்கிறேன். அவர் ஏன் அப்படிச் சொல்கிறார் என்று எனக்கும் தெரியும். ஆபரேஷனுக்கு ரத்தம் வாங்கிய குடும்பத்திடம், பதிலுக்கு யாராவது கொடுங்கள் என்று கேட்போம். வராண்டாவில் கூட்டமாக நின்ற சொந்தங்களில் ஒருவர் போன் பேச வெளியே போவார், இன்னொருவர் சுகர் என்பார்.

ஆனால் இதை வைத்து மனிதர்களை எடைபோடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. அப்படி நழுவப் பார்த்த ஒரு பெரியவரை உட்காரவைத்து, என்ன பயம் என்று கேட்டேன். கோயம்பேட்டில் மூட்டை தூக்குகிறவர். "உடம்பு வத்திப்போச்சுன்னா நாளைக்கு மூட்டை யாரும்மா தூக்குறது?" என்றார். உடம்பில் ஏறக்குறைய ஐந்து லிட்டர் ரத்தம் இருக்கிறது, நாங்கள் எடுப்பது 350 மில்லி, இரண்டு நாள் மட்டும் பாரம் தூக்க வேண்டாம் என்று விளக்கினேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு சட்டைக் கையை மடித்துக்கொண்டு படுத்தார். ஊசி ஏறும்போது சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார், அவ்வளவுதான். ஆண்மை போய்விடுமா என்று காதோடு கேட்டவர்களும் உண்டு. எல்லாம் சொன்ன பிறகும் எழுந்து போகிறவர்கள் இருக்கிறார்கள், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் நான் பார்த்தவரை பயந்தவர்கள்தான் அதிகம்.

அப்புறம் டெங்கு காலம். டெங்குவில் குறைந்துபோகிற, ரத்தம் உறைய உதவும் அணுக்களான பிளேட்லெட்டை ஐந்து நாளுக்கு மேல் வைத்திருக்க முடியாது, அதனால் ஆள் தேடிக்கொண்டே இருப்போம். ஒரு ராத்திரி, வாட்ஸப்பில் செய்தி பார்த்துவிட்டு ஒரு பெண் தாம்பரத்திலிருந்து எலெக்ட்ரிக் ட்ரெயின் பிடித்து வந்தாள். நோயாளி யாரென்றே அவளுக்குத் தெரியாது. ஹீமோகுளோபின் 12.1 காட்டியது. 12.5 இருந்தால்தான் எடுக்கலாம். "அக்கா, இன்னொரு விரல்ல குத்திப் பாருங்க" என்று கையை நீட்டினாள். கண் கலங்கியிருந்தது.

அண்ணனிடம் சொன்னால், "கொடுத்தா மனசுக்கு நல்லாருக்கு, அதுவும் சுயநலம்தான்" என்கிறார். சரி, முன்பின் தெரியாத ஒருவர் பிழைத்தால் ஒரு மனசு நிறைகிறது என்றால், அந்த மனசுக்குப் பெயர்தானே அக்கறை?

காசுக்கு ரத்தம் விற்பவர்களும் ஒரு காலத்தில் இருந்தார்கள். உச்ச நீதிமன்றத் தீர்ப்பையொட்டி 1998 ஜனவரி 1 முதல் அதற்குத் தடை வந்தது. காசு தேவைப்பட்டவர் தன் நோயை மறைப்பார், அது நோயாளிக்கு ஆபத்து. இன்று தானாக வருகிறவர் படிவத்தில், போன மாதம்தான் மஞ்சள் காமாலை சரியானது என்று அவரே எழுதுகிறார். எழுதினால் திருப்பி அனுப்பிவிடுவோம் என்று தெரிந்தே எழுதுகிறார்.