பிடித்த ஆய்வாளரின் புதுக் கட்டுரை தவறாமல் கைக்கு வர

ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்காலரில் அவருக்கென்று பக்கம் இருந்தால் வேலை சுலபம். 'ஃபாலோ' பொத்தானை அழுத்தினால் மூன்று தேர்வுகள் வரும்: அவர் எழுதும் புதிய கட்டுரைகள், அவரை மேற்கோள் காட்டுபவை, அவர் ஆய்வை ஒட்டியவை. முதலாவதை மட்டும் டிக் செய்யுங்கள். பெரிய ஆய்வாளர் என்றால் இரண்டாவதே அஞ்சல்பெட்டியை நிரப்பிவிடும். பிறகு எதையும் திறக்கத் தோன்றாது. உங்கள் ஆய்வேடு எந்த ஒரு கட்டுரையின் மேல் நிற்கிறதோ, அதை மேற்கோள் காட்டுபவற்றின் 'சைட்டட் பை' பட்டியலுக்கு மட்டும் தனியாக அலர்ட் (புதியது வந்தால் அஞ்சல் அனுப்பும் வசதி) வையுங்கள். அதை யார் மறுக்கிறார்கள் என்பதும் தெரியவரும்.

மருத்துவ, உயிரியல் கட்டுரைகளைத் தேடும் பப்மெட்டில் சிக்கல் பெயரில்தான். ரைபோசோம் ஆய்வுக்காக 2009-இல் வேதியியல் நோபல் பெற்ற வெங்கி ராமகிருஷ்ணனை 'ராமகிருஷ்ணன் வி' என்று ஆசிரியர் பெயராகத் தேடினால், வி.எஸ்., வி.கே. என்று தொடங்கும் மற்ற ராமகிருஷ்ணன்களும் சேர்ந்தே வருவார்கள். பெயரை இரட்டை மேற்கோள்குறிக்குள் இட்டால் அவர்கள் விலகுவார்கள். மிஞ்சும் வேறு 'வி'க்களை விலக்க, 'ரைபோசோம்' போன்ற துறைச் சொல்லை 'ஆண்ட்' (மற்றும்) போட்டுச் சேருங்கள். நிறுவனப் பெயரைச் சேர்ப்பது ஆபத்து: அவர் இடம் மாறினால் அலர்ட் சத்தமில்லாமல் வறண்டுவிடும், உங்களுக்குத் தெரியவே தெரியாது. தேடல் சரியாக வந்ததும் 'கிரியேட் அலர்ட்' கொடுத்து, வாரம் ஒருமுறை என்று வையுங்கள்.

தமிழ்ப் பெயர்களுக்கு இன்னொரு கவனம் வேண்டும். தந்தை பெயர் செல்வராஜ், தன் பெயர் முருகன் என்றால், ஓர் இதழில் 'முருகன் எஸ்', இன்னொன்றில் 'செல்வராஜ் எம்' என்று பதிவாகும். இரண்டையும் 'ஆர்' (அல்லது) போட்டுத் தேடாவிட்டால் பாதிக் கட்டுரைகள் தப்பிப்போகும். ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் தனியாக உரிய 16 இலக்க ஆர்கிட் எண் இந்தக் குழப்பத்துக்காகவே 2012-இல் வந்தது. ஆனால் எல்லாக் கட்டுரையிலும் அந்த எண் இருக்காது. பெயர்த் தேடலையும் விட்டுவிடாதீர்கள்.

இயற்பியல், கணிதம், கணினித் துறையினருக்கு ஆர்க்கைவ் என்ற இணையதளம்தான் முதல் வாசல். புதியவை அமெரிக்கக் கிழக்கு நேரப்படி ஞாயிறு முதல் வியாழன் வரை இரவு 8 மணிக்கு அறிவிக்கப்படும். நமக்குத் திங்கள் முதல் வெள்ளி வரை காலை 5.30, அவர்களின் குளிர்காலத்தில் 6.30. அங்கே இருப்பவை முன்பதிப்புகள், அதாவது பெரும்பாலும் இதழில் வெளிவருமுன் போடப்படுபவை. இதழில் வரும்போது கட்டுரையில் உள்ள எண்களே மாறியிருக்கலாம் என்பதால், குறிப்பெடுக்கும்போது வி1, வி2 என்ற பதிப்பு எண்ணையும் எழுதுங்கள். இதழ்ப் பதிப்பு வந்ததும் அதே கட்டுரைக்கு ஸ்காலர் மறுபடி அஞ்சல் அனுப்பக்கூடும்.

ஐந்தாறு பேரோடு தொடங்குங்கள். அஞ்சல்கள் தனி லேபிளுக்குப் போகட்டும். வாரத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்கிச் சுருக்கத்தையும் படங்களையும் பாருங்கள். தேவையானதை மட்டும் கட்டுரைகளைச் சேமித்து மேற்கோள் காட்ட உதவும் ஜொடெரோ மென்பொருளில் சேருங்கள். பின்னாளில் அந்தக் கட்டுரை திரும்பப் பெறப்பட்டால் ஜொடெரோ எச்சரிக்கை காட்டும். எவ்வளவு மதிப்புக்குரியவர் எழுதியது என்றாலும் அந்த எச்சரிக்கையைத் தாண்டி மேற்கோள் காட்டாதீர்கள்.