முந்திரிக்கொத்தில் முந்திரி இல்லை

போன வருடம் எங்கள் பள்ளி கேன்டீனில் நாலாம் வகுப்புப் பையன் ஒருவன் தட்டை நீட்டிக்கொண்டே, "ஆன்ட்டி, இதுல அண்டிப்பருப்பு உண்டா?" என்று கேட்டான். எங்கள் பக்கம் முந்திரியை அப்படித்தான் சொல்வோம். "இல்ல மக்ளே" என்று சொல்லிக் குருமாவை ஊற்றினேன். கண்ணுக்கு ஒரு பருப்பும் தெரியவில்லைதான். ஆனால் காலையில் தேங்காயோடு முந்திரியைச் சேர்த்து அரைத்தது நான். கொஞ்ச நேரத்தில் அவன் உதடு தடித்தது, தொண்டையைச் செருமிக்கொண்டே இருந்தான். ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, ஒரு ராத்திரி வைத்திருந்து அனுப்பினார்கள். பிள்ளை நன்றாக இருக்கிறான். எனக்குத்தான் ஒரு வாரம் தூக்கம் இல்லை.

அதற்குப் பிறகுதான் கேன்டீனில் சமைக்கும் நாங்கள் ஐந்து பேரும் பயிற்சிக்குப் போனோம். முதலில் நாகர்கோவிலில் ஒரு நாள் ஃபோஸ்டாக் என்ற உணவுப் பாதுகாப்பு வகுப்பு. அதில் சுத்தம், சூடு, ஸ்டோரேஜ் பற்றித்தான் அதிகம். ஒவ்வாமைக்குக் கொஞ்ச நேரமே கிடைத்தது. எங்களுக்கு அது போதவில்லை. பள்ளியில் கேட்டு, ஒரு டாக்டரை சமையலறைக்கே வரவழைத்தோம். உண்மையான படிப்பு அன்றைக்குத்தான்.

எங்களோடு இருக்கும் ஒரு அக்கா மார்த்தாண்டம் பக்கம் அண்டி ஆபீசில், அதாவது முந்திரி ஆலையில், வருடக்கணக்கில் தோடு உடைத்தவர். "ஒரு பருப்புல என்ன வந்துரும்?" என்று கேட்டார். டாக்டர் கோபப்படவில்லை. முந்திரி அரைத்த மிக்ஸி ஜாரை வெறும் தண்ணீரில் அலசச் சொன்னார், பிறகு பிளேடுக்கு அடியில் விரலால் வழித்துக் காட்டினார். வெள்ளையாக ஒட்டிக்கொண்டு வந்தது. "சிலருக்கு இவ்வளவே போதும்" என்றார். அக்கா அதற்கு மேல் பேசவில்லை. இறால் பொரித்த எண்ணெயில் வாழைக்காய் பஜ்ஜி போடுவதும் அதே கதைதான். சானிடைசர் கிருமியைக் கொல்லும், கையில் ஒட்டிய நிலக்கடலையை எடுக்காது. சோப்பும் தண்ணீரும் வேண்டும்.

இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020 லேபிள் விதிப்படி உணவுப் பாக்கெட்டில் ஒவ்வாமை தரக்கூடிய எட்டு வகைகளைக் குறிப்பிட்டாக வேண்டும்: குளூட்டன் உள்ள தானியம், இறால் நண்டு வகை, பால், முட்டை, மீன், நிலக்கடலையும் முந்திரி போன்ற கொட்டைகளும், சோயா, கெடாமல் இருக்கச் சேர்க்கும் சல்ஃபைட். எள் அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் எள் ஒத்துக்கொள்ளாத பிள்ளைகளும் உண்டு என்று டாக்டர் சொன்னபோது எனக்கு எங்கள் ஊர்ப் பலகாரமான முந்திரிக்கொத்துதான் நினைவுக்கு வந்தது. பெயரில் முந்திரி, உள்ளே சிறுபயறு, தேங்காய், எள். பெயரை நம்பினால் இரண்டு பக்கமும் தப்பாகிவிடும்.

மூச்சுத் திணறினாலோ குரல் கம்மினாலோ அலர்ஜி மாத்திரையைக் கொடுத்துக் காத்திருக்கக் கூடாது. உடனே 108. அட்ரினலின் ஊசிதான் மருந்து, தொடையின் வெளிப்பக்கத் தசையில் போடுவது. அதுவரை பிள்ளையை நடக்கவிடாமல் படுக்க வைக்க வேண்டும். மூச்சுக்குக் கஷ்டப்பட்டால் உட்கார வைக்கலாம். இந்த ஒன்றை ஐந்து பேரும் மனப்பாடம் செய்திருக்கிறோம்.

இப்போது பெற்றோரிடம் ஃபாரம் வாங்குகிறோம், முந்திரிக்குத் தனி ஜார், அரைத்தது உட்பட எல்லாம் காலையிலேயே போர்டில். கிறிஸ்துமஸ் நேரத்தில் புது எண்ணெயில் முந்திரிக்கொத்து பொரித்தோம். அதே பையன் வந்து கேட்டான். போர்டை வாசித்துக் காட்டி, அவன் அம்மாவுக்குப் போன் போட்டுச் சொல்லி, அவர் சரி என்ற பிறகு இரண்டு கொடுத்தேன்.