மொழிக்காகக் குழந்தையைக் காக்க வைக்காதீர்கள்

“நீ எங்கள் பக்கமா, அவர்கள் பக்கமா?” என்று, காதில் கருவி பொருத்துவதை ஆதரிப்பவர்கள், சைகை மொழியே போதும் என்பவர்கள் என இரண்டு தரப்பினருமே என்னைக் கேட்டிருக்கிறார்கள். நான் பிறவியிலேயே காது கேளாதவள். மூன்று வயதில் எனக்குக் காக்ளியர் இம்ப்ளான்ட் என்ற கேட்கும் கருவியை அறுவை சிகிச்சை செய்து பொருத்தினார்கள். சைகை மொழியோ பள்ளிப் படிப்பு முடியும் தறுவாயில்தான் என் கைக்கு வந்தது. இன்று இரண்டில் எதையும் விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

கருவியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். காதுக்குப் பின்னால் மாட்டியிருக்கும் ஒலிச்செயலி, பேச்சை மின்துடிப்புகளாக மாற்றுகிறது. தலையில் காந்தத்தால் ஒட்டிக்கொண்டிருக்கும் சுருள், அவற்றைத் தோலைத் தாண்டி உள்ளே அனுப்புகிறது. உட்காதில் நத்தை ஓடு போல் சுருண்டிருக்கும் காக்ளியாவுக்குள் செருகியிருக்கும் மெல்லிய மின்முனைகள் செவி நரம்பை நேரடியாகத் தூண்டுகின்றன. நன்றாகக் கேட்கும் காதில் ஒலியை உணரும் ஏறத்தாழ 3,500 உள்மயிர்ச் செல்கள் பார்க்கும் வேலையை, கருவிக்குக் கருவி 12 முதல் 22 வரையிலான மின்முனைகள் பார்க்கின்றன. அதனால் அமைதியான அறையில் எதிரே ஒருவர் பேசினால் எனக்குப் புரியும். நான்கு பேர் ஒரே நேரத்தில் பேசினால் எல்லாம் குழம்பிவிடும். தூங்கும்போது வெளிக்கருவியைக் கழற்றி வைத்துவிட்டால் எதுவும் கேட்காது. “இப்போதுதான் சரியாகிவிட்டதே!” என்று உறவினர்கள் மகிழும்போது இதை அவர்களுக்குப் புரியவைப்பது கடினம். நான் இன்றும் காது கேளாத பெண்தான்.

ஆனாலும் அம்மா தொலைபேசியில் பேசத் தொடங்கும் முன் தொண்டையைச் செருமுவார். அது எனக்குக் கேட்கிறது. அதற்காகவே அந்த அறுவை சிகிச்சைக்கு நான் நன்றியுடையவள்.

காது கேளாதோர் கூடும் இடங்களில் என் தலையிலுள்ள சுருளைக் கண்டு சிலர் முகம் திருப்பிக்கொண்டதுண்டு. எனக்கு வலித்தது, ஆனால் அந்தக் கோபம் எங்கிருந்து வருகிறது என்று தெரியும். 1880இல் மிலான் நகரில் கூடிய கல்வியாளர் மாநாடு, காது கேளாத குழந்தைகளுக்குப் பேச்சு வழியாகவே கற்பிக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டது. வாக்களித்தவர்களில் ஏறக்குறைய எல்லோருமே காது கேட்பவர்கள். அதன்பின் தலைமுறை தலைமுறையாகப் பள்ளிகளில் சைகை செய்த கைகள் அடிபட்டன. அதே மாநாட்டு வரிசையில் பின்னாளில் கூடிய மாநாடு அதற்காகத் தன் வருத்தத்தைத் தெரிவித்தது 2010இல், வான்கூவரில். இடையில் 1990இல் இரண்டு வயதுக் குழந்தைகளுக்கே கருவி பொருத்த அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தபோது, அங்குள்ள தேசியக் காது கேளாதோர் சங்கம் மறு ஆண்டே அதைக் கடுமையாகக் கண்டித்தது. 2000இல் அந்த நிலை தளர்ந்தது. அடிபட்ட கைகளை நினைத்துப் பார்த்தால், அவர்கள் அஞ்சியதில் வியப்பில்லை.

அப்படிப்பட்ட பள்ளியில் படித்த ஒரு மூத்த அக்கா என்னிடம் சைகையில் கேட்டார்: “சின்ன வயதில் வீட்டில் யாரோடு சண்டை போடுவாய்?”

யோசித்துப் பார்த்தேன். யாரோடும் இல்லை. ஐந்து வயதில் பந்து, வண்டி, நாய் என்று பயிற்சியில் சொல்லித்தந்த சொற்களைத் திருப்பிச் சொல்வேன். எல்லோரும் கைதட்டுவார்கள். ஆனால் தம்பி என் பொம்மையைப் பறித்தால் அழத்தான் தெரியும். “நேற்றும் இப்படித்தான் செய்தான், நான் முதலில் எடுத்தேன், அம்மா கொடுக்கச் சொன்னார்” என்று வாதாட என்னிடம் வாக்கியங்கள் இல்லை. சண்டை போட, பொய் சொல்ல, கனவில் வந்ததை விவரிக்க ஒரு குழந்தைக்கு முழு மொழி வேண்டும். எனக்கு அது வெகு காலம் இல்லை.

காது கேளாத குழந்தைகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவர்கள் காது கேட்கும் பெற்றோருக்கே பிறக்கிறார்கள். மூளையின் கேட்கும் பாதைகள் சிறு வயதிலேயே அமைவதால், பெற்றோர் சீக்கிரம் முடிவெடுத்தாக வேண்டும். “குழந்தை வளர்ந்து தானே முடிவு செய்யட்டும்” என்று என் நண்பர்கள் சொல்வதை நான் ஏற்பதில்லை. காத்திருப்பதும் குழந்தைக்காக நாம் எடுக்கும் முடிவுதானே!

எனக்குக் கோபம் வருவது வேறோர் இடத்தில். “சைகை கற்றால் பேச்சு வராது” என்று என் பெற்றோருக்குச் சொல்லப்பட்டது. இன்றும் பல பெற்றோருக்குச் சொல்லப்படுகிறது. பிறந்தது முதல் சைகை மொழியில் வளர்ந்து, பிறகு கருவி பொருத்தப்பட்ட குழந்தைகளை ஆராய்ந்தவர்கள், அவர்களுடைய பேச்சு பின்தங்கிவிடவில்லை என்றே கண்டிருக்கிறார்கள். கருவி எந்தக் குழந்தைக்கு எவ்வளவு பலன் தரும் என்று முன்கூட்டி உறுதியாகச் சொல்ல முடியாது. சிலர் சரளமாகப் பேசுகிறார்கள், சிலருக்குக் கதவு தட்டும் ஓசைக்கு மேல் அதிகம் கிடைப்பதில்லை. ஐந்து வயதில் பலன் போதவில்லை என்று தெரிந்தால், கடந்துபோன அந்த ஐந்து ஆண்டுகளை யார் திருப்பித் தருவார்கள்?

அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருக்கும் பெற்றோரே, தைரியமாகப் போங்கள். ஆனால் அதற்கு முன்பே சைகை மொழியில் வாழும் ஒரு பெரியவரைத் தேடிப் பிடித்து வீட்டுக்கு அழையுங்கள். உங்கள் குழந்தையோடு அவர் விளையாடட்டும். நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்ளுங்கள். கருவியை இயக்குவதற்கே சிகிச்சைக்குப் பிறகு சில வாரங்கள் ஆகும், பேச்சு விளங்க இன்னும் நெடுநாள் பிடிக்கும். அந்த நாள்களிலும் குழந்தைக்கு உங்களிடம் சொல்ல ஏதாவது இருக்கும்.