ஒரு ஆளுக்கு எவ்வளவு?

தொழிலாளி ஒருவருக்கு எவ்வளவு உற்பத்தி மதிப்பு என்று கணக்குப் போட்டால் நூற்பாலை மேலே நிற்கும், பனியன் கம்பெனி கீழே கிடக்கும். உடனே திருப்பூரில் ஆட்கள் வேலை செய்வதில்லை என்று ஒரு பேச்சு. வந்து பாருங்கள் சாமி.

நூற்பாலையில் நூல் நூற்கும் மெஷினான ரிங் பிரேம் இன்று ஒன்றிலேயே ஆயிரம் கதிருக்கு (நூலை முறுக்கிச் சுற்றும் தண்டு) மேல் ஓடுகிறது, அறுந்த நூலை ஒட்டிக்கொண்டே ஒருவர் நடந்தால் மீதியை மெஷினும் கரண்டும் பார்த்துக்கொள்ளும் (அதுவும் சும்மா நடை இல்லை, எட்டு மணி நேர நடை). பனியன் துணி அப்படியா? இழுத்தால் இழுபடும், வெட்டிய ஓரம் சுருளும், ஓரம் சேர்த்துத் தைக்கும் ஓவர்லாக் மெஷினுக்குள் அதை விரலால் நீவி நீவித்தான் கொடுக்க வேண்டும், அந்த விரலுக்கு மாற்று இன்னும் சரியாக வரவில்லை. அப்புறம் ஸ்டைல் மாறினால் கை பழகவே ஓரிரு நாள் போய்விடும்.

என் தங்கை ஒன்றரை ஷிப்ட், அதாவது 12 மணி நேரம், முடித்துவிட்டு நேற்று வந்து உட்கார்ந்தாள். "கழுத்துப் பட்டி வரலண்ணா, மூணு மணி நேரம் லைனே சும்மா கெடந்துச்சு" என்றாள். தைத்த பீஸுக்கு இவ்வளவு என்று கூலி எண்ணும் பீஸ் ரேட்டில் அந்த மூன்று மணி நேரத்துக்குக் காசு கிடையாது.